பாக்டீரியாவின் கணக்குப்பிள்ளை

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஆய்வகத்தில் நல்ல ஊட்டக்குழம்பு கொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒரே செல்லுக்குள் ஏறத்தாழ 70,000 ரைபோசோம்கள் ஓய்வில்லாமல் உழைக்க வேண்டும். ரைபோசோம் என்பது புரதம் நெய்யும் தறி. ஒவ்வொரு தறியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களையும் மூன்று ஆர்.என்.ஏ இழைகளையும் கோத்துக் கட்டியது. செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ-வில் ஐந்தில் நான்கு பங்கு இந்தத் தறிகளுக்குள்ளேயே இருக்கிறது. வேகமாக வளரும் பாக்டீரியா தன் சம்பாத்தியத்தின் பெரும்பகுதியைப் புதிய தறி கட்டுவதிலேயே போடுகிறது என்று சொல்லலாம். இந்த ஓட்டத்தின் நடுவே அமினோ அமிலம் தீர்ந்துபோனால் என்ன ஆகும்? இயற்கையில் இது எப்போதோ நேரும் விபத்து இல்லை. குடலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் இடையில், ஆற்று நீரில், வயல் மண்ணில், எங்கு பார்த்தாலும் பாக்டீரியாவுக்குப் பசிதான் வழக்கம், விருந்து விதிவிலக்கு. இந்தப் பசியை அது கடப்பதற்குத் துணையாக நிற்பது ஒரு சின்னஞ்சிறு மூலக்கூறு. அறிவியல் உலகம் அதை நெடுங்காலமாக ஓர் அபாயச் சங்காகவே பேசி வந்திருக்கிறது. அந்த உவமை பாதிதான் பொருந்தும் என்பது என் வாதம். சங்கு ஆபத்து வந்த பிறகு ஊதுவது, ஆபத்து நீங்கியதும் ஓய்வது. இந்த மூலக்கூறோ விருந்து நாளிலும் பட்டினி நாளிலும் வரவையும் செலவையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் கணக்குப்பிள்ளை. பட்டினி நாளில் அதன் குரல் உரக்கக் கேட்டதால்தான் மனிதர்கள் முதலில் அதை அங்கே கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்த கதை ஒரு புதிரிலிருந்து தொடங்குகிறது. ஏதாவது ஓர் அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத பாக்டீரியாவுக்கு அதை வெளியிலிருந்தும் கொடுக்காமல் நிறுத்தினால், புரத உற்பத்தி நின்றுவிடும். அதில் வியப்பில்லை, நூல் இல்லாமல் நெசவு நடக்காது. ஆனால் 1950-களின் ஆய்வாளர்கள் கண்டது வேறொன்று. அதே நேரத்தில் ஆர்.என்.ஏ உற்பத்தியும் நின்றது. ஆர்.என்.ஏ-வுக்குக் கச்சாப்பொருள் அமினோ அமிலம் இல்லை, நியூக்ளியோடைடுகள். அவையெல்லாம் செல்லில் இருந்துகொண்டுதான் இருந்தன. நெசவு நின்றதற்குத் தறி கட்டும் பட்டறை ஏன் கதவைச் சாத்த வேண்டும்? யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். 1955-ல் எர்னஸ்ட் போரெக்கும் உடன் உழைத்தவர்களும் இதற்கு மாறான ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார்கள். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் தீர்ந்த பிறகும் அது ஆர்.என்.ஏ செய்துகொண்டே போனது. 1961-ல் குந்தர் ஸ்டென்டும் சிட்னி பிரென்னரும் இந்த மாறுபாட்டுக்குக் காரணமான மரபணுவின் இடத்தை ஈ.கோலையின் குரோமோசோமில் அடையாளம் காட்டினார்கள். வழக்கமான பாக்டீரியாவுக்குக் 'கண்டிப்பானது' என்றும், நிறுத்தத் தெரியாததற்குத் 'தளர்ந்தது' என்றும் பெயர் நிலைத்தது. சொன்னவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை. 1969-ல் மைக்கேல் கேஷலும் ஜொனாதன் காலன்ட்டும் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி வளர்த்த பாக்டீரியாவைப் பட்டினி போட்டு, அதன் சாற்றை மெல்லிய தகட்டில் ஊறவிட்டுப் பிரித்து, படச்சுருளில் பதிவு பார்த்தார்கள். அதுவரை யாரும் காணாத இரண்டு கரும்புள்ளிகள் படத்தில் தெரிந்தன. கண்டிப்பான பாக்டீரியாவில் பட்டினி தொடங்கிய உடனேயே அவை தோன்றின. தளர்ந்ததில் தோன்றவே இல்லை. அவற்றுக்கு 'மாயப்புள்ளிகள்' என்று பெயர் வைத்தார்கள். வேதியியலில் பார்த்தால் மாயம் ஒன்றும் இல்லை. ஆர்.என்.ஏ-வுக்குச் செங்கலாகும் குவனோசினின் வழக்கமான முனையில் இரண்டு பாஸ்பேட்டுகளும், வழக்கத்தில் ஒன்றும் இல்லாத எதிர்முனையில் இன்னும் இரண்டும் ஒட்டியிருந்தால் அது குவனோசின் டெட்ராபாஸ்பேட். மற்ற புள்ளியில் ஒரு பாஸ்பேட் கூடுதல். செல்லில் எப்போதும் கிடக்கும் குவனோசின் பாஸ்பேட்டின் மீது, ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி-யிலிருந்து ஓர் இணைப் பாஸ்பேட்டை எடுத்து ஒட்டினால் போதும், செய்தி தயார். இரண்டையும் சேர்த்து இனி மாயப்புள்ளி என்றே அழைக்கிறேன்.

செய்தி எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகு இருக்கிறது. ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது டி.ஆர்.என்.ஏ. தூது ஆர்.என்.ஏ-வில் உள்ள ஒவ்வொரு மூன்றெழுத்துக் குறிக்கும் பொருத்தமான டி.ஆர்.என்.ஏ சுமையோடு வந்து உட்கார்ந்தால் புரதச் சங்கிலி ஒரு கண்ணி நீளும். பட்டினியில் டி.ஆர்.என்.ஏ இருக்கும், சுமை இருக்காது. வெறுங்கையோடு வரும் டி.ஆர்.என்.ஏ தனக்குரிய குறியின் மேல் வந்து உட்கார்ந்தால்தான் மாயப்புள்ளி தயாராகிறது என்பதை 1973-ல் ஹேசல்டைனும் பிளாக்கும் சோதனைக் குழாயிலேயே நிறுவினார்கள். தயாரிப்பது ரெல்ஏ என்ற நொதி. 'தளர்ந்த' பாக்டீரியாவில் பழுதாகியிருந்தது இதன் மரபணுதான், பெயரும் அதிலிருந்தே வந்தது. ஏறத்தாழ 200 ரைபோசோம்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே இந்த நொதி செல்லில் இருக்கிறது. 2016-ல் மூன்று ஆய்வுக்குழுக்கள் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால், ரெல்ஏ ரைபோசோமில் அமர்ந்திருக்கும் கோலத்தைத் தனித்தனியே படம் பிடித்தன. நொதி டி.ஆர்.என்.ஏ-வைச் சுற்றிப் படர்ந்து, அமினோ அமிலம் தொங்க வேண்டிய அந்த நுனியையே பற்றியிருந்தது. நுனியில் ஓர் அமினோ அமிலம் இருந்திருந்தால் அந்தப் பிடி பொருந்தாது. கை வெறுங்கைதானா என்று விரலைப் பிடித்துப் பார்க்கும் சோதனை அது. இதை ஒரு பொறியியல் வடிவமாக நினைத்துப் பார்த்தால் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. எந்தத் தறியில் நூல் செலவாகிறதோ அந்தத் தறியிலேயே கணக்கும் எழுதப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும், என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ரெல்ஏ அளப்பது உணவை என்று பலரும் எழுதுகிறார்கள். அது உணவை அளக்கவில்லை. இரண்டு பழைய சோதனைகள் இதை ஐயமறக் காட்டுகின்றன. ஓர் அமினோ அமிலத்தை டி.ஆர்.என்.ஏ-வின் மேல் ஏற்றிவிடும் நொதி, சூடு கூடினால் செயலிழக்கும்படி மரபணு மாறிய பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றை அமினோ அமிலம் நிறைந்த குழம்பிலேயே வைத்து வெப்பத்தை உயர்த்தினால், சுற்றிலும் உணவு மிதக்கும்போதே பட்டினிக்குரிய கண்டிப்பு வந்துவிடுகிறது. சந்தையில் அரிசி குவிந்திருந்தாலும் தூக்கி வர ஆள் இல்லாவிட்டால் அடுப்பில் உலை மட்டும்தான் கொதிக்கும். மற்றது இதற்கு நேர் எதிரானது. 1962-ல் கர்லண்டும் மாலோவும், அமினோ அமிலம் இல்லாமல் தவிக்கும் பாக்டீரியாவுக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தார்கள். அது ரைபோசோமை ஓடவிடாமல் தடுக்கும் மருந்து. பட்டினி அப்படியே இருக்க, நின்றுபோன ஆர்.என்.ஏ உற்பத்தி மறுபடி தொடங்கியது. தறி ஓடாததால் மிச்சமிருந்த கொஞ்ச நூலும் செலவாகவில்லை. டி.ஆர்.என்.ஏ-க்களின் கை நிறைந்தது, கண்டிப்பு தளர்ந்தது. ஒன்றில் உணவு இருந்தும் கண்டிப்பு, மற்றதில் உணவு இல்லாமலும் தளர்வு. எனவே அளக்கப்படுவது உணவின் இருப்பு ஆகாது, வரவுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தம்தான். அபாயச் சங்குக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தேவை.

எழுதிய செய்தியை அழிக்கவும் ஆள் வேண்டும். ஈ.கோலையில் ஸ்பாட்-டி என்ற இரண்டாவது நொதி அந்த வேலையைப் பார்க்கிறது. மாயப்புள்ளியை உடைப்பது அதன் முதல் பணி. கொழுப்பு அமிலம், இரும்பு, பாஸ்பேட் போன்றவை குறையும்போது அதுவே மாயப்புள்ளியைச் சேரவும் விடுகிறது. பட்டினி போட்ட பாக்டீரியாவுக்கு அமினோ அமிலம் திரும்பக் கிடைத்தால், சேர்ந்திருந்த மாயப்புள்ளியில் பாதி, அரை நிமிட அளவில் மறைந்துவிடும். இவ்வளவு விரைவாக எழுதி அழிப்பதற்கு ஏ.டி.பி செலவாகிறது. பட்டினி நேரத்தில் ஒரு செல் இந்தச் செலவைச் செய்யத் துணிகிறது என்றால் அந்தச் செய்திக்கு அத்தனை பெறுமதி இருக்கிறது.

செய்தி போய்ச் சேரும் முதன்மையான இடம் ஆர்.என்.ஏ பாலிமரேஸ், அதாவது மரபணுக்களைப் படித்து ஆர்.என்.ஏ எழுதும் நொதி. மாயப்புள்ளி இந்த நொதியோடு நேராக ஒட்டுகிறது என்பதற்கு முற்காலச் சான்று தந்தவர்களில் ஒருவர் தீபங்கர் சாட்டர்ஜி. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அவர், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1998-ல் அதை வெளியிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கோர்ஸின் குழு பிறகு இதை நெடுங்காலம் துருவி, ஒட்டும் இடங்கள் இரண்டு என்றும், இரண்டாவது இடத்துக்கு டிகேஎஸ்ஏ என்ற துணைப்புரதம் கைகொடுக்கிறது என்றும் காட்டியது. ரைபோசோம் ஆர்.என்.ஏ-வுக்கான மரபணுக்களின் தொடக்கத்தில் பாலிமரேஸின் பிடி இயல்பிலேயே நிலையற்றது. மாயப்புள்ளி அந்தப் பிடியை இன்னும் தளர்த்திவிடும், எழுத்து தொடங்காது. அமினோ அமிலம் தயாரிக்கும் மரபணுக்களிலோ அதே இணை எழுத்தைத் தூண்டிவிடுகிறது. ஒரே கை ஒரு பக்கம் பட்டறையைச் சாத்துகிறது, மறுபக்கம் நூல் நூற்கும் ராட்டையைச் சுழற்றிவிடுகிறது. தறிகளும் வீணாக விடப்படுவதில்லை. பட்டினிக் காலத்தில் ரைபோசோம்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உறங்கும் நிலைக்குப் போகின்றன. அப்படிச் சேர்த்துவிடும் சிறு புரதம் உருவாவதும் மாயப்புள்ளியின் சொற்படிதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். நூல் இல்லாவிட்டால் நெசவு தானாகவே நிற்கும், சத்து இல்லாவிட்டால் வளர்ச்சியும் தானாகவே நிற்கும், இதற்கு ஏன் ஒரு செய்தி? எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவதற்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லையே? இந்தக் கேள்விக்கு விடை தளர்ந்த பாக்டீரியாவின் துன்பத்தில் இருக்கிறது. அதற்குச் செய்தி போவதில்லை, ஆகவே அது நிற்பதும் இல்லை. ஒரு புரதமும் முழுமையாகச் செய்ய முடியாத நேரத்தில் அது தறிக்கான ஆர்.என்.ஏ-வைக் குவித்துக்கொண்டே போகிறது. அதைவிட மோசமான ஒன்றை 1978-ல் ஓஃபாரெல் கண்டார். பட்டினியில் தளர்ந்த பாக்டீரியாவின் ரைபோசோம்கள் உரிய அமினோ அமிலம் கிடைக்காத இடத்தில் வேறொன்றைக் கோத்துவிடுகின்றன. செய்யும் கொஞ்சப் புரதமும் பிழை மலிந்ததாகிறது. கண்டிப்பான பாக்டீரியாவில் இந்தப் பிழை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. நெசவின் மொத்தத் தேவை குறைந்துவிடுவதால், அரிதாகிப்போன அந்த அமினோ அமிலம் கேட்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓரளவு போய்ச் சேர்கிறது. உணவு திரும்ப வந்த பிறகும் தளர்ந்தது எழுந்து நடக்க நெடுநேரம் ஆகிறது. ஆக, தானாக நிற்பதும் அறிந்து நிறுத்துவதும் ஒன்றாகாது. பணம் தீர்ந்ததால் பாதியில் நிற்கும் கட்டடத்தையும், தீரப்போவது தெரிந்து கூரை வரை முடித்துவிட்டு நிறுத்திய கட்டடத்தையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

மாயப்புள்ளி பட்டினியின் பக்கவிளைவாக இருக்கலாமே, காரணம் வேறெங்கோ இருக்கலாமே என்ற ஐயமும் நெடுநாள் இருந்தது. காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரித்துப் பார்க்காமல் அறிவியலில் எதையும் நம்பக் கூடாது என்பதால் இந்த ஐயம் எனக்கு மதிப்புக்குரியதாகவே படுகிறது. இதைத் தீர்ப்பதற்கு ஒரு வழி, பட்டினி இல்லாமலே மாயப்புள்ளியை உண்டாக்கிப் பார்ப்பது. கோர்ஸின் குழு 2019-ல் வெளியிட்ட சோதனை அதைத்தான் செய்தது. வயிறார உணவிருக்கும் ஈ.கோலைக்குள் மாயப்புள்ளி செய்யும் நொதியை மட்டும் தூண்டிவிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் 750-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் எழுத்து கூடியோ குறைந்தோ போனது. பிறகு பாலிமரேஸில் மாயப்புள்ளி ஒட்டும் இரண்டு இடங்களையும் மாற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த மாற்றம் ஏறத்தாழ முழுவதும் காணாமல் போனது. பசி இல்லை, பசியின் செய்தி மட்டும் இருந்தது. செல் செய்தியை நம்பிச் செயல்பட்டது.

அடுத்த மறுப்பு என் வாதத்தையே குறிவைப்பது. இத்தனை சான்றும் பட்டினியைப் பற்றியதுதானே, அப்படியானால் இது சங்குதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் ஒரு வலுவான சான்று இருக்கிறது. உலகெங்கும் ஆய்வகங்களில் பல தலைமுறையாக வளரும் ஈ.கோலை வகைகள் பலவற்றில் ரெல்ஏ மரபணு பழுதுபட்டே கிடக்கிறது. அவை நன்றாகவே வளர்கின்றன. ஆபத்து இல்லாத இடத்தில் சங்கு எதற்கு? ஆனால் அந்த வகைகளில் ஸ்பாட்-டி இருக்கிறது, அதனால் கொஞ்சம் மாயப்புள்ளியும் இருக்கிறது. 1991-ல் கேஷலின் குழு இரண்டு மரபணுக்களையும் நீக்கி, மாயப்புள்ளி ஒரு துளியும் இல்லாத ஈ.கோலையை உருவாக்கியது. வழக்கமான ஈ.கோலை, சர்க்கரையும் சில உப்புகளும் கலந்த வெறும் நீரில் தனக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களையும் தானே செய்து வாழும். இந்தப் புதிய வகையால் அங்கே வளரவே முடியவில்லை. அமினோ அமிலம் செய்வதற்கான மரபணுக்கள் அனைத்தும் அதனிடம் முழுதாக இருந்தும், அவற்றைத் தூண்டிவிடும் சொல் வராததால் பல அமினோ அமிலங்களுக்கு அது வெளியாரை நம்பி நின்றது. இங்கே எந்தப் பட்டினியும் திடீரென்று தாக்கவில்லை. எளிய உணவில் சீராக வாழ்வதற்கே மாயப்புள்ளி தேவைப்பட்டது. மேலும், சீராக வளரும் ஈ.கோலையில் மாயப்புள்ளியின் அளவு வளர்ச்சி வேகத்துக்கு எதிர்த்திசையில் நகர்கிறது. மெதுவாக வளரும் செல்லில் கூடுதல், வேகமாக வளர்வதில் குறைவு. கோபன்ஹேகனில் மாலோவும் ஷெக்டரும் கெல்காரும் 1958-லேயே, ஒரு செல்லில் எவ்வளவு ஆர்.என்.ஏ இருக்கிறது என்பதை அதன் வளர்ச்சி வேகமே தீர்மானிக்கிறது என்று காட்டியிருந்தார்கள். விருந்தில் 70,000 தறிகள் வைத்திருக்கும் அதே பாக்டீரியா ஏழ்மையான உணவில் 10,000-க்கும் குறைவான தறிகளோடு நிறைவாக வாழ்கிறது. அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கைகளில் முதன்மையானது மாயப்புள்ளி. 2019-ல் சீன ஆய்வாளர்கள் இதன் அளவை இரு பக்கமும் நகர்த்திப் பார்த்தார்கள். கூட்டினாலும் வளர்ச்சி குன்றியது, குறைத்தாலும் குன்றியது. கூட்டினால் தறி போதவில்லை. குறைத்தால் தறி மிகுந்து, அதற்கு நூல் தரும் மற்ற நொதிகள் போதவில்லை. சங்கின் ஒலியைக் குறைத்தால் நிம்மதிதானே வர வேண்டும்? இங்கே வந்தது கணக்குக் குளறுபடி. இதை அறிந்த பிறகும் அபாயச் சங்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது, வீட்டுக் கணக்கு எழுதுபவரைக் கடன்காரன் வந்த அன்றைக்கு மட்டும் பார்த்துவிட்டு, அவருக்கு வேலையே கடன்காரனை எதிர்கொள்வதுதான் என்று முடிவுகட்டுவதைப் போன்றது.

எல்லாப் பாக்டீரியாவுக்கும் இதே ஏற்பாடா என்றால் இல்லை, இந்த வேறுபாடு எனக்கு இன்னும் பிடித்தமானது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸில் மாயப்புள்ளி ஆர்.என்.ஏ பாலிமரேஸைத் தொடுவதில்லை. ஜி.டி.பி என்ற மூன்று பாஸ்பேட் குவனோசினைச் செய்யும் நொதிகளை அது தடுக்கிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ எழுதத் தொடங்க அங்கே முதல் எழுத்தாக வேண்டியிருப்பது அந்தக் குவனோசின்தான். அது குறைந்தால் எழுத்து தானே குறைந்துவிடும். ஈ.கோலையில் எழுத்தரின் கையைப் பிடிக்கும் அதே செய்தி பேசில்லஸில் மைப்புட்டியை எடுத்து வைத்துவிடுகிறது. வழி வேறாக இருந்தும் முடிவு ஒன்றாக இருப்பது, அந்த முடிவுக்கு இயற்கைத்தேர்வு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது என்பதற்குச் சான்று. மாயப்புள்ளியே செய்யாத பாக்டீரியாக்களும் உண்டு. மனிதச் செல்லுக்குள் புகுந்து வாழும் கிளமிடியா அவற்றில் ஒன்று. அது தன் ஊட்டத்தைப் பிறர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சொந்தமாகக் குடித்தனம் நடத்தாத இடத்தில் இந்தக் கணக்குப்பிள்ளையும் இல்லாமல் போயிருப்பதை நான் என் வாதத்துக்கு எதிராகப் பார்க்கவில்லை.

ஒரு செல்லுக்குள் எழுதிய கணக்கு அண்டை அயலுக்கும் போவதுண்டு. மிக்ஸோகாக்கஸ் சாந்தஸ் என்ற மண் பாக்டீரியா கூட்டமாக ஊர்ந்து மற்ற நுண்ணுயிர்களைக் கரைத்து உண்பது. பட்டினி வந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள் ஓரிடத்தில் குவிந்து, கண்ணுக்குத் தெரியும் சிறு கூம்பு கட்டி, உள்ளே வித்துகளாக உறைந்துவிடும். கூம்பு கட்ட ஆள் பலம் வேண்டும். தனி ஒருவன் தொடங்கினால் வீண். ஆகவே ஒவ்வொரு செல்லும் தன் பசியை முதலில் மாயப்புள்ளியில் எழுதுகிறது, பிறகு அமினோ அமிலங்களும் சிறு புரதத்துண்டுகளும் கலந்த ஒரு கலவையை வெளியே கசியவிடுகிறது. சுற்றிலும் அந்தக் கலவை போதிய அடர்த்தியில் இருந்தால்தான், பசித்தவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்று பொருள். ஸ்டான்ஃபோர்டில் டேல் கைசரும் சிங்கரும் 1995-ல், ஈ.கோலையின் ரெல்ஏ மரபணுவை மிக்ஸோகாக்கஸுக்குள் நுழைத்து மாயப்புள்ளியை உண்டாக்கினார்கள். உணவு இருந்தபோதே, கூம்பு கட்டுவதற்கான தொடக்க மரபணுக்கள் விழித்துக்கொண்டன. தனி வீட்டின் கணக்கு ஊர்க்கூட்டத்துக்கு அழைப்பு விடுக்கும் இந்த இடத்தில், சமிக்ஞை என்ற சொல் தன் முழுப் பொருளோடு வந்து உட்காருகிறது.

மருத்துவத்தில் இந்தக் கதை மனத்தை உலுக்கும் இடத்துக்கு வருகிறது, கவனமாகச் சொல்லவேண்டிய இடமும் அதுதான். 1944-ல் ஜோசப் பிகர், பென்சிலினில் மூழ்கிய ஸ்டாஃபிலோகாக்கஸ் கூட்டத்தில் மிகச் சில செல்கள் மட்டும் சாகாமல் நிற்பதைக் கண்டார். அவற்றின் பிள்ளைகள் மறுபடி பென்சிலினுக்குச் சாகின்றன, ஆகவே இது மரபுவழி எதிர்ப்புத்திறன் இல்லை. வளராமல் அடங்கியிருந்ததால் தப்பியவை அவை. வளரும் செல்லைத் தாக்கவே பெரும்பாலான மருந்துகளும் வடிவமைந்திருக்கின்றன. வளர்ச்சியை அடக்கும் மாயப்புள்ளிக்கு இதில் பங்கு இருக்கும் என்று கருதுவது இயல்பு. அந்தக் கருத்தின் மேல் ஒரு நேர்த்தியான விளக்கமும் எழுந்தது. மாயப்புள்ளி, நச்சுப்புரத மரபணுக்களைத் தற்செயலாக எழுப்பி, செல்லை உறங்கவைக்கிறது என்றது அது. 2011-லும் 2013-லும் வந்த அதன் இரண்டு முதன்மைக் கட்டுரைகளும் 2018-ல் திரும்பப் பெறப்பட்டன. ஆய்வில் பயன்பட்ட பாக்டீரியா வகைகளில் ஒரு வைரஸ் தொற்று நுழைந்து முடிவுகளைக் கெடுத்திருந்தது. தவறைக் கண்டறிந்து வெளியிட்டதில் அதே ஆய்வுக்குழுவுக்கும் பங்கு இருந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். இதைக் காட்டி, மாயப்புள்ளிக்கும் மருந்துக்குத் தப்புவதற்கும் தொடர்பே இல்லை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அதுவும் அவசரம். விழுந்தது இடையில் இருந்த ஒரு படிக்கட்டு மட்டுமே. காசநோய்க் கிருமியில் மாயப்புள்ளி செய்யும் நொதியை நீக்கியபோது, அது எலிகளின் உடலில் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாமல் போனது என்று 2003-ல் வந்த ஆய்வு நிற்கிறது. அந்த நொதியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள், ஐசோனியசிட் மருந்தின் கொல்லும் திறனைக் கூட்டுகிறது என்று 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் குழு காட்டியது. 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில், எதிர்ப்புச்சக்தி குன்றிய ஒரு நோயாளியின் ரத்தத்தில் மருந்துக்கு அடங்காமல் நீடித்த என்டரோகாக்கஸ் கிருமியின் ரெல்ஏ மரபணுவில் மாற்றம் இருந்தது. உணவு இருக்கும்போதும் அதன் மாயப்புள்ளி சற்று உயர்ந்தே நின்றது. பசியில்லாத கிருமி பசியின் கணக்கை எழுதிக்கொண்டு வாழ்ந்தது, அதுவே அதற்குக் கேடயமாயிற்று. காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, இடையில் சலித்து நிறுத்தி, மறுபடி நோயில் விழும் மனிதர்களை நினைக்கும்போது, இந்த நொதியைத் தடுக்கும் மருந்துக்கான தேடல் வேகம் பெற வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் அந்தத் தேடலில் இறங்குபவர்கள் சங்கை நிறுத்தினால் போதும் என்று எண்ணினால் ஏமாறக்கூடும். நாள்தோறும் எழுதும் கணக்கில் எவ்வளவு கைவைக்க வேண்டும், எந்த நேரத்தில் வைக்க வேண்டும் என்பதே அவர்கள் முன்னால் நிற்கும் கேள்வி.

பாக்டீரியாவை விட்டு விலகிய ஓரிடத்தில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பசுந்தாவரத்தின் இலையில் ஒளியை உணவாக்கும் பசுங்கணிகங்கள், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள். ரெல்ஏ, ஸ்பாட்-டி குடும்பத்து மரபணுக்கள் தாவரங்களில் இருப்பது 2000-ல் தெரியவந்தது. 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பசுங்கணிகங்களுக்குள் மாயப்புள்ளியையே கண்டார்கள். இலையைக் காயப்படுத்தினால், வறட்சியில் வாட்டினால், உப்பு நீர் ஊற்றினால் அதன் அளவு உயர்ந்தது. காயமும் இல்லாமல் வறட்சியும் இல்லாமல் செடியை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாற்றியபோதும் அது உயர்ந்தது. வெளிச்சம்தான் பசுங்கணிகத்தின் வரவு, அந்த வரவு நாள்தோறும் அந்தியில் நிற்கிறது.